விடைத்தாளை மடித்துக் கொடுங்கள்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, அடைமழையிலும் தம் அலுவல்களை ஒதுக்கிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, இந்த நூலகத்தின் கூரை ஒழுகிய ஆண்டில் புத்தகங்களைத் தம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்க் காத்த நூலகர் அவர்களே, பிள்ளைகளையும் கையோடு அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் அவர்கள், வளரிளம் பருவத்தில் உடலில் நிகழும் மாற்றங்களை எல்லோருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்து என் பணியைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

வளரிளம் பருவத்தினரின் தன்மதிப்பு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வீடு, வகுப்பறை, கைப்பேசி ஆகிய மூன்று இடங்களில் அது எப்படி வளர்கிறது, எப்படித் தேய்கிறது என்று பேச எண்ணி வந்திருக்கிறேன். சுயமரியாதை என்னும் சொல்லை 1925இல் ஓர் இயக்கத்தின் பெயராகவே ஆக்கிய மண் இது. ஊரார் முன் தலைநிமிர்ந்து நிற்பது சுயமரியாதை என்றால், யாரும் பார்க்காத வேளையில் ஒருவர் மனம் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் தீர்ப்பைத் தன்மதிப்பு எனலாம். மாரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், பதின்பருவத்தினரிடம் இதை அளப்பதற்கு 10 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை 1965இல் வெளியிட்டார். மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் கிடையாது. மற்றவர்களுக்குச் சமமான மதிப்பு எனக்கும் உண்டு என்று நினைக்கிறேனா, நான் எதற்கும் உதவாதவன் என்று சில வேளைகளில் தோன்றுகிறதா என்பன போன்றவையே அதில் உள்ளன.

அந்தத் தீர்ப்பு ஒரே நாளில் எழுதப்படுவதில்லை. 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று என் தாயார் அடிக்கடி சொல்வார். விடாமுயற்சிக்காகச் சொன்ன பழமொழிதான். ஆனால் 34 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்த எனக்கு அதன் மறுபக்கமும் தெரியும். 'பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்', 'உன் மண்டையில் எங்கே ஏறப்போகிறது' என்று நாள்தோறும் விழும் சொற்கள் பதினான்கு வயதுப் பிள்ளையின் மனத்தை மட்டும் நகர்த்தாமல் விட்டுவிடுமா?

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்புக்கு விடைத்தாள் கொடுக்கும்போது, முதல் மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி, மதிப்பெண்ணை உரக்கப் படித்து, ஒவ்வொருவராக அழைத்துக் கொடுப்பேன். என் ஆசிரியர்கள் அப்படித்தான் எனக்குக் கொடுத்தார்கள். அது முறை என்றே நம்பியிருந்தேன். ஒரு காலாண்டுத் தேர்வில் 42 மாணவர்களில் கடைசியாக ஒரு பையன் வந்தான். மதிப்பெண் 9. தாளை வாங்கியவன் அதைப் பார்க்கவே இல்லை. நின்ற இடத்திலேயே இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான், எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். மறுநாள் முதல் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் தேடிக்கொண்டு போனேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த தன் மாமாவின் சைக்கிள் கடையில், ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பின்சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தான். சுழலும் ரிம்முக்கு அருகே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்திருந்தான். கோணல் உள்ள இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்துப் போக்ஸ் கம்பியை முடுக்கினான், மறுபடி சுற்றிவிட்டான், மறுபடி கோடு பார்த்தான். நான் நிற்பதைக் கண்டதும் எழுந்துகொண்டான். "ஒரே கம்பிய முறுக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டேன். "கூடாது டீச்சர். இந்தப் பக்கம் அரைச் சுத்து இறுக்குனா, அந்தப் பக்கக் கம்பிய அரைச் சுத்து தளத்தணும். இல்லன்னா ரிம்மு முட்டை மாதிரி ஆயிரும். முன்னால 32 கம்பி, பின்னால 40. ஒண்ணு ஒண்ணா பாக்கணும்" என்றான். நான் கரும்பலகையில் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்த அதே வாரத்தில், என் மாணவன் அதைக் கையால் செய்துகொண்டிருந்தான்! அடி மேல் அடி என்று என் தாயார் சொன்ன பொறுமை அந்தப் பையனிடம் இருந்தது.

ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டேன். "எனக்குக் கணக்கு வராதுன்னு எனக்கே தெரியும் டீச்சர். அதை எல்லாரும் பாக்க நடந்து வந்து வாங்கணுமா?" என்றான். பெரியோர்களே, அன்று என்னிடம் பதில் இல்லை.

அரையாண்டுத் தேர்விலிருந்து மதிப்பெண்ணை உள்பக்கத்தில் எழுதி, தாளை மடித்து, வருகைப் பதிவேட்டு வரிசையில் கொடுக்கத் தொடங்கினேன். அவன் மறுபடி வந்தான். அந்த முறை 22 வாங்கியவன், தாளை விரித்துப் பிடித்தபடி என் மேசைக்கு வந்து, "எங்க தப்பு டீச்சர்?" என்று கேட்டான். மறு ஆண்டுப் பொதுத்தேர்வில் கணக்கில் 41.

மதிப்பெண்ணை மறைக்கச் சொல்கிறேன் என்று எவரும் கருத வேண்டாம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அது முழுமையாகத் தெரிய வேண்டும். வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. வெற்றுப் புகழ்ச்சியும் எனக்கு உடன்பாடில்லை. 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிர்களில் சறுக்கியதும் சோர்ந்துபோனார்கள்; 'நன்றாக உழைத்தாய்' என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் முதல் குழுவில்தான் அதிகம். முட்டாள் என்ற முத்திரையைப் போலவே புத்திசாலி என்ற முத்திரையும் பிள்ளைக்குப் பாரமாகிறது.

தமிழக அரசு 2017இல் பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட முதலிடப் பட்டியல்களை வெளியிடுவதை நிறுத்தியது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மாநில அளவில் கைவிட்ட வரிசையை நாற்பது பேர் இருக்கும் அறைக்குள் நாம் ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்? அடி மேல் அடியாக ஆண்டுக்குப் பல தேர்வுகள், பாடந்தோறும் ஒரு வரிசை. அந்த வரிசையின் கடைசியில் பெரும்பாலும் அதே பிள்ளைதான் நிற்கிறது.

கைப்பேசியைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. தலைவர் அவர்கள் அனுமதித்தால் இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். இப்போது ஒரே வேண்டுகோள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. நம் ஊர்ப் பள்ளிகளில் எல்லா வகுப்புகளிலும் விடைத்தாளை மடித்து, பதிவேட்டு வரிசையில், மதிப்பெண்ணைப் படிக்காமல் கொடுக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியர் அம்மையார் அதை அடுத்த கூட்டத்தில் வைக்க இசைந்திருக்கிறார்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா நூலகரிடம் இருக்கிறது. மாணவர்கள் கையொப்பமிடவும் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். வணக்கம்.