ஷூ போட்டதற்காகத் தண்டனை! பாரிஸ் வரை போன புதுச்சேரி வக்கீலின் வழக்கு

ஒரு வக்கீல் ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்தார், அதற்காக நீதிபதி அவரைத் தண்டித்தார், அவரும் விடவில்லை, வழக்கை பாரிஸில் இருக்கும் பிரான்சின் உயர்ந்த நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். நடந்தது 1873-ல். இடம் நம்ம புதுச்சேரி.

வணக்கம் மக்களே. இந்த வீடியோவை எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. கடலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழுகிறது: "பஸ்ஸில் லேடீஸுக்கு மட்டும் ஃப்ரீ டிக்கெட், அப்போ ஆம்பளைக்கு சமத்துவம் கிடையாதா?" கேட்கிறவர்களில் பலர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே குழம்பித்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இந்த ஷூ கதை வேண்டும். வாங்க.

[திரையில்: புதுச்சேரி பழைய வரைபடம், நடுவில் வாய்க்கால்]

பின்னணி சீக்கிரமாக. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் புதுச்சேரி இரண்டு ஊர். வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரமாக வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். இன்று நாம் செல்ஃபி எடுக்கிற அந்த மஞ்சள் சுவர் தெருக்கள் எல்லாம் கிழக்குப் பக்கம். அவ்வளவுதான் பின்னணி.

இப்போது பொன்னுத்தம்பி பிள்ளை. தமிழர், வேளாளர், பிரெஞ்சுச் சட்டம் படித்த வக்கீல். கோர்ட்டில் ஐரோப்பியர் ஷூ போட்டு வரலாம், அது மரியாதை. இந்தியர் அதே ஷூவைப் போட்டு வந்தால் அவமரியாதை! ஒரே கட்டடம், ஒரே வேலை, ஒரே சட்டப் புத்தகம், ஆனால் காலில் என்ன இருக்கலாம் என்பதை முடிவு செய்தது தோலின் நிறம். நீங்கள் வக்கீலாக எழுந்து வாதாடப் போகிறீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் ஷூவோடு நிற்கிறார், நீங்கள் மட்டும் வெறுங்காலோடு நிற்கவேண்டும் என்றால், வாதம் தொடங்கும் முன்பே யார் மேலே யார் கீழே என்று அங்கிருக்கிற எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது இல்லையா? அதைத்தான் அவர் ஏற்கவில்லை. மேல்முறையீடு கப்பலேறி பாரிஸ் போனது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும், வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரு ஜோடி ஷூவுக்கு இவ்வளவா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். ஆமாம், இவ்வளவுதான், ஏனென்றால் அது ஷூவைப் பற்றிய சண்டையே இல்லை.

கதை இதோடு முடியவில்லை, இதற்கு அடுத்த கட்டம்தான் என்னை அசரவைத்தது. 1881-ல் ஓர் ஆணை வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் இருக்கும் யாரும் கல்யாணம், சொத்து போன்ற விஷயங்களில் தங்கள் சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்துவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம். பொன்னுத்தம்பி பிள்ளை துறந்தார், லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். அவரைப் போலத் துறந்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? தலித்துகளும் கிறிஸ்தவர்களும். சாதிச் சட்டத்துக்குள் இருந்தால் அவர்களுக்கு என்ன கிடைத்துவிடும், யோசித்துப் பாருங்கள். எதிர்த்தது யார்? அன்று புதுச்சேரி அரசியலைக் கையில் வைத்திருந்த சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் இருந்த பழமைவாதத் தரப்பு. ஆக வெள்ளைக்காரனின் இனப் பாகுபாட்டை எதிர்த்த ஊரிலேயே, சாதிப் பாகுபாட்டை விட மனமில்லாத கூட்டமும் இருந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, துறக்காத இந்தியருக்கு ஒன்று. சட்டத்தில் பிரெஞ்சுக்காரனுக்குச் சமம் என்று சொல்லித் துறக்க வைத்தார்கள், ஓட்டுப் போடும்போது தனி வரிசையில் நில் என்றார்கள்.

அந்த மூன்று பட்டியலில் எதிலாவது ஒரு பெண்ணின் பெயர் இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? கிடையாது. பிரான்சிலேயே பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1945-ல்தான். 1881 ஆணையில் இன்னொன்றும் உண்டு: கணவன் துறந்து கையெழுத்துப் போட்டால், மனைவியும் மைனர் பிள்ளைகளும் சேர்ந்தே புதிய சட்டத்துக்குள் போய்விடுவார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டியதில்லை.

[திரையில்: பழைய விமானப் பணிப்பெண் படம்]

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்று நினைக்காதீர்கள். நம்ம அரசியலமைப்பு வந்து முப்பது வருஷம் கழித்து, 1981-ல் ஏர் இந்தியா வழக்கு. பணிப்பெண்ணுக்கு வேலை எப்போது முடியும்? 35 வயதில், அல்லது சேர்ந்த நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் ஆனால், அல்லது முதல் கர்ப்பத்தில். எது முந்தி வருகிறதோ அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். விமானத்தில் அதே மாதிரி வேலை பார்த்த ஆண்கள் 58 வரை இருக்கலாம். நர்கேஷ் மிர்சா என்ற பணிப்பெண் கோர்ட்டுக்குப் போனார். கர்ப்பமானால் வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் கடுமையாகத் திட்டித் தூக்கி எறிந்தது, சரி. ஆனால் நான்கு வருஷத்துக்குக் கல்யாணம் கூடாது என்பதை விட்டுவைத்தது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்று ஒரு காரணம் சொல்லி! பணிப்பெண்கள் தனிப் பிரிவு, ஆண்கள் தனிப் பிரிவு, அதனால் ஒப்பிடவே முடியாது என்றும் சொன்னது. என் கருத்து, இந்தப் பகுதி தவறு. ஆளைப் பிரித்து இரண்டு பெயர் வைத்துவிட்டு, பெயர் வேறாக இருப்பதால் நடத்துவதும் வேறாக இருக்கலாம் என்றால், புதுச்சேரி கோர்ட்டின் ஷூ விதிக்கும் அதே நியாயத்தைச் சொல்லிவிடலாமே.

இவ்வளவும் வெளிப்படையாகத் தெரிகிற பாகுபாடு. தெரியாத வகை ஒன்று உண்டு, அதற்கு அமெரிக்கா போகவேண்டும். வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்சார நிறுவனம். கறுப்பினத் தொழிலாளர்களை ஒரே ஒரு துறையில்தான் வைத்திருந்தார்கள், அந்தத் துறையின் அதிகபட்சச் சம்பளம் மற்றத் துறைகளின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு. 1964-ல் சிவில் உரிமைகள் சட்டம் வந்தது, வேலையில் பாகுபாட்டுக்குத் தடை 1965 ஜூலை 2 முதல் அமல். அதே நாளில் நிறுவனம் மற்றத் துறைகளில் சேரப் புதுத் தேர்வுகளைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் ஒரே தேர்வு, பள்ளிப்படிப்பும் முடித்திருக்கவேண்டும். அந்த மாநிலத்தில் 1960 கணக்குப்படி பள்ளிப்படிப்பை முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். இதில் என்ன வேடிக்கை என்றால், படிப்பே இல்லாமல் முன்னாடியே சேர்ந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள்! 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: வேலைக்குச் சம்பந்தமில்லாத தகுதியை வைத்து ஓர் இனத்தாரை வெளியே நிறுத்தினால், விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் அது பாகுபாடுதான். அங்கே இப்போது காற்று திரும்பிவிட்டது, 2023-ல் ஹார்வர்டு வழக்கில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. அதற்குத் தனி வீடியோ வேண்டும்.

சரி, இப்போது பஸ்ஸுக்கு வருவோம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் உதவியாளருக்கும்கூட இல்லை, இதை யாரும் சொல்வதே கிடையாது. அரசியலமைப்பின் 15-வது பிரிவு பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது, அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அனுமதிக்கிறது. டீக்கடை அண்ணனுக்கு என் பதில் இதுதான்: விதி ஒன்றா வேறா என்று மட்டும் பார்க்காதீர்கள், அந்த விதியால் யார் வெளியே நிற்கிறார்கள், யார் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். டியூக் பவரில் விதி ஒன்று, ஆள் வெளியே. பஸ்ஸில் விதி வேறு, வீட்டில் பத்து ரூபாய்க்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்த அம்மா கடலூர் முதுநகரிலிருந்து வேலைக்குப் போகிறார். அந்த அண்ணனும் கஷ்டப்படுகிறவராக இருந்தால் அவருக்கும் சலுகை கேட்கலாம், கேட்கட்டும், நானும் கூட நிற்பேன். ஆனால் அதற்காக அந்த அம்மாவின் டிக்கெட்டைப் பிடுங்கவேண்டாம்.

கடைசியாக ஒன்று. 2024-ல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் தொழிற்சாலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வந்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அப்போது அமலில் இருந்த 1976-ஆம் வருஷச் சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தது, 2025-ல் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆகவே உங்கள் ஊரில், புதுச்சேரி நேரு வீதியோ கடலூர் லாரன்ஸ் ரோடோ, கடை வாசலில் "திருமணமாகாத பெண்கள் மட்டும் தேவை" என்று பலகை பார்த்தால் கடையின் பெயர் வேண்டாம், பலகையில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கீழே எழுதுங்கள். நேர்காணலில் "எப்போ கல்யாணம்?" என்று கேட்கப்பட்ட அக்காக்கள், தங்கைகள் கண்டிப்பாக எழுதுங்கள். வந்ததையெல்லாம் சேர்த்து ஒரு தொழிலாளர் நல வக்கீலிடம் கேட்டு, எதற்கு எங்கே புகார் கொடுக்கலாம் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.