நிறமூர்த்தம் கூடினால் தாவரம் உயர்ந்ததா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: "சேர், ஒரு ஓர்கிட்டில் 10 நிறமூர்த்தங்கள்தான், இன்னொன்றில் 200க்கு மேல் என்று வாசித்தேன். அப்படியென்றால் கூடியதுதான் கூர்ப்பில் (பரிணாமத்தில்) முன்னேறியதா?"

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை மகள். வாசித்தது சரிதான். நிறமூர்த்தம் (குரோமோசோம்) என்பது கலத்துக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழை. எரிசினா புசில்லா என்ற சின்னஞ்சிறு ஓர்கிட்டில் 10 எண்ணியிருக்கிறார்கள், எபிடென்ட்ரம் இனமொன்றில் 240. ஆனால் அதற்கும் முன்னேற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு என் வெங்காயக் கணக்குத் தெரியும், திரும்பவும் சொல்கிறேன். வெங்காயத்தில் 16 நிறமூர்த்தங்கள், நம் வயல் நெல்லில் 24. டி.என்.ஏ.யை அளந்தால் நெல்லில் சுமார் 40 கோடி மூலச்சோடிகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), வெங்காயத்தில் சுமார் 1600 கோடி! மனிதருக்கே 300 கோடி சொச்சம்தான். ஆகவே எண்ணிக்கை வேறு, அளவு வேறு.

பாபியோபெடிலம் ஓர்கிட்டுகளைப் பாருங்கள். சில இனங்களில் 26, சிலவற்றில் 42 வரை. நிறமூர்த்தங்கள் சில நடுவில் பிரிந்து இரண்டிரண்டாகியிருக்கின்றன. மல்லிகை மாலையை நடுவில் அறுத்தால் மாலை இரண்டு, பூ கூடவில்லை அல்லவா, அப்படித்தான். டி.என்.ஏ. பெருப்பது வேறு வழியில்: தன்னைத்தானே பிரதியெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் துண்டுகள் பெருகுவதால், அல்லது கலத்தின் டி.என்.ஏ. முழுத்தொகுதியும் இரட்டிப்பதால். அந்தத் தாவும் துண்டுகளைச் சோளத்தில் கண்ட பார்பரா மக்ளின்டொக்குக்கு 1983இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. எவ்வளவு தாமதம்!

சரி, எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்: டி.என்.ஏ. பெருத்தால் செடிக்கு என்ன ஆகும்? ஓர்கிட் குடும்பத்துக்குள்ளேயே மிகச் சிறிய டி.என்.ஏ. தொகுதிக்கும் மிகப் பெரியதற்கும் 168 மடங்கு வித்தியாசம் என்று 2009இல் வந்த ஆய்வொன்று காட்டியது. மரத்தில் ஒட்டி வளர்பவற்றில் பெரும்பாலும் சிறிய தொகுதி. டி.என்.ஏ. கூடினால் கலமும் பெருக்கும், இலைவாயை (இலையிலுள்ள நுண்துளையை) திறந்து மூடும் காவற்கலமும் பெருக்கும். சிறிய காவற்கலம் சட்டென்று மூடும், நீர் மிச்சமாகும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நம் பக்கத்து மரங்களில் தொங்கும் வண்டா ஓர்கிட்டை நினைத்துப் பாருங்கள். மண்ணில்லை, வெளியில் நீட்டிய வெள்ளை வேர்களும் தடித்த இலைகளும் மட்டும்தான். நிலத்து ஓர்கிட்டுகள் பலவற்றுக்குக் கிழங்கு இருக்கிறது, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் கிடக்கலாம், ஆகவே பெரிய தொகுதி அவற்றுக்கு அவ்வளவு பாரமில்லை.

பாடசாலை நுணுக்குக்காட்டியில் வெங்காய இலையின் தோலையும் வீட்டில் வளர்க்கும் வண்டா இலையின் அடித்தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் மகள். காவற்கலங்களின் நீளத்தை அளந்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த காணொளியில் அதை வைத்தே பேசுவோம்.