அந்தரத்தில் நிற்கும் கப்பலும் அதன் இழுவையில் தொங்கும் கப்பலும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கதைகளில் வரும் விண்கப்பல்கள் ஒரு கோளின் காற்றுமண்டலத்துக்குள் அந்தரத்தில் நின்றபடி, சிதைந்து கிடக்கும் இன்னொரு கப்பலை இழுத்துச் செல்ல முடியுமா? இதுதான் நம் முன் இருக்கும் கேள்வி. முடியும் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். "கற்பனைக்கு வேலி போடாதீர்கள்" என்றார். ஐயா, இந்தக் கதைகளை உங்களைப் போலவே நானும் நேசிக்கிறேன். ஒளியை முந்தும் எஞ்சின் கேட்டீர்களா? கொடுத்தாயிற்று. உருகாத உலோகம் கேட்டீர்களா? அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலைப்பில் "கோளின் காற்றுமண்டலத்துக்குள்" என்று இருக்கிறது. கப்பல் கற்பனையாக இருக்கலாம். அதை இழுக்கும் கோளின் ஈர்ப்பும், அதைச் சுற்றியிருக்கும் காற்றும் கற்பனை இல்லை. நான் பேசப்போவது அந்த இரண்டை வைத்துத்தான்.

கணக்குக்கு ஒரு கப்பல் வேண்டும். எதிரணிக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிறேன்: நீளம் 300 மீட்டர், அகலம் 100 மீட்டர், உயரம் 50 மீட்டர், எடை 1 லட்சம் டன். அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலின் எடையும் ஏறக்குறைய இவ்வளவுதான். அது கடல் தாங்க மிதக்கிறது. நம் விண்கப்பலை எது தாங்கும்?

விண்வெளியில் இந்தக் கேள்வியே எழாது. பூமிக்கு 400 கிலோமீட்டர் மேலே சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் எஞ்சினை ஓட்டிக்கொண்டு அங்கே நிற்கவில்லை. நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால்தான் விழாமல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் காற்றுக்குள் ஓட முடியாது, எரிந்துபோகும். வேகத்தைக் குறைத்து ஒரே இடத்தில் நின்றால், அந்த நொடியிலிருந்து முழு எடையையும் எஞ்சின்தான் சுமக்க வேண்டும்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்ன வாதம்தான் அவர்கள் பக்கத்தில் மிக வலுவானது. "எதிர்ப்பொருளை எரிக்கும் கப்பலுக்கு ஆற்றல் ஒரு பிரச்சினையா?" என்று கேட்டார். சாதாரணப் பொருளோடு சேர்ந்ததும் முழுவதும் ஆற்றலாக மாறிவிடும் பொருள்தான் எதிர்ப்பொருள். கைதட்டலும் வாங்கினார். அவருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அந்தரத்தில் நிற்க ஆற்றல் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு நொடியும் எதையாவது கீழ்நோக்கித் தள்ள வேண்டும். நியூட்டன் 1687-இல் எழுதிவைத்த விதி இது. நிறையப் பொருளை மெதுவாகத் தள்ளலாம், கொஞ்சம் பொருளை வேகமாகத் தள்ளலாம். மேலே தூக்கும் விசை ஒன்றாகவே இருந்தாலும், வேகமாகத் தள்ளத் தள்ள ஆற்றல் செலவு ஏறிக்கொண்டே போகும்.

முதலில் சாதாரண ராக்கெட்டைப் பார்ப்போம். நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் கிளம்பும்போது சுமார் 3,500 டன் எடையைத் தாங்கும் விசையைத் தந்தது. நம் கப்பலை நிறுத்த அப்படிக் கிட்டத்தட்ட 30 ராக்கெட்டுகள் ஒன்றாக எரிய வேண்டும். எரிபொருள் நொடிக்கு சுமார் 380 டன். ஒரு மணி நேரம் நின்றால் 13 லட்சம் டன்னுக்கு மேல், அதாவது கப்பலின் சொந்த எடையைப் போல் 13 மடங்கு. அவ்வளவு எரிபொருளைச் சுமந்துகொண்டு நின்றால் அதற்கும் சேர்த்து எரிக்க வேண்டும். ஆகவே இந்த வழி அடைபட்டுவிட்டது. எதிரணியும் இதை வற்புறுத்தவில்லை.

சரி, எதிர்ப்பொருள் எஞ்சினுக்கு வருவோம். எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமானால் வெளியே தள்ளும் பொருளின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அந்த வழியின் கடைசி எல்லை, வெறும் ஒளியையே கீழே பாய்ச்சி நிற்பது. 1 லட்சம் டன்னை ஒளியால் தாங்க வேண்டிய திறன் சுமார் 3,000 கோடி கோடி வாட் என்று சொன்னால் யாருக்கும் பிடிபடாது. வேறு விதமாகச் சொல்கிறேன். இந்தப் பூமி உருண்டை முழுவதும், பகல் பக்கம் மொத்தமும், சூரியனிடமிருந்து வாங்கும் வெளிச்சத்தைப் போல் 1.7 மடங்கு! அவ்வளவும் ஒரே கப்பலின் அடியிலிருந்து, ஒரே இடத்தின் மேல். ஆற்றல் இருக்கிறது என்கிறீர்களே நண்பரே, இருக்கட்டும். அதைப் பாய்ச்சினால் கீழே ஊர் இருக்காது, அந்த ஊரில் மீட்க வந்த கப்பலும் இருக்காது.

நட்சத்திரங்களுக்கு நடுவே பயணம் செய்ய எந்த எஞ்சின் சிறந்ததோ, அதுவே ஓரிடத்தில் நிற்பதற்கு மிக மோசமான எஞ்சின். இதைக் கதையிலிருந்து சொல்லவில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இருக்கும் வெஸ்டா, சீரிஸ் என்ற சிறு உலகங்களை அடுத்தடுத்துச் சுற்றிவந்த டான் விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் கிளம்பி, 2015-இல் சீரிஸை அடைந்தது. மின்னேற்றிய அணுக்களை மிக வேகமாக வெளியே தள்ளும் அதன் அயனி எஞ்சின் அவ்வளவு சிக்கனமானது. அதன் அதிகபட்ச உந்துவிசை பூமியில் 9 கிராம் எடையைத் தாங்கும் அளவுதான். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கலத்தை விண்வெளியில் கோடிக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுசேர்த்த எஞ்சினால் இந்த மேடையின் மேல் அந்தக் கலத்தை ஒரு நொடிகூட நிறுத்த முடியாது.

அப்புறம் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தார்கள். நல்ல உதாரணம், மறுக்கவில்லை. 2002-இல் ஆப்கானிஸ்தானில் பறக்க முடியாமல் கிடந்த ஒரு சினூக் ஹெலிகாப்டரை ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-26 ஹெலிகாப்டர் தொங்கவிட்டுத் தூக்கிச் சென்றது. அந்தரத்தில் நின்றது, பழுதானதைத் தூக்கியது, எல்லாம் காற்றுக்குள்ளேயே நடந்தது. அப்படியானால் வழக்கு முடிந்துவிட்டதா?

எம்ஐ-26-இன் மேலே சுழலும் இறக்கை வட்டத்தின் விட்டம் 32 மீட்டர். முழுச் சுமையோடு அதன் எடை 56 டன். அந்த வட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 70 கிலோ எடைதான் விழுகிறது. நம் விண்கப்பலின் அடிப்பரப்பு முழுவதையும் காற்றைத் தள்ளும் விசிறியாக மாற்றினாலும் சதுர மீட்டருக்கு 3,300 கிலோவுக்கு மேல் விழுகிறது. அதைத் தாங்க, கப்பலுக்குக் கீழே காற்று மணிக்கு சுமார் 840 கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டும். பூமியில் பதிவான மிகக் கடுமையான டொர்னாடோக்களின் காற்றே மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான். 2016-இல் வந்த ரோக் ஒன் படத்தில் ஜெதா நகரத்தின் மேல் 1,600 மீட்டர் நீளக் கப்பல் நிற்கிறது. அதன் கீழே தெருவில் மக்கள் நடக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள். காற்றைத் தள்ளி அந்தக் கப்பல் நிற்குமானால் அந்த நகரத்தில் ஒரு சுவர்கூட நிற்காது.

இதுவரை வெறுமனே நிற்பதைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன், நடுவர் அவர்களே. தலைப்பில் இன்னொரு கப்பலும் இருக்கிறது.

அதே எடையுள்ள சிதைந்த கப்பலைத் தூக்கப் போகிறோம். எடை இரண்டு மடங்கு. திறனும் இரண்டு மடங்கானால் போதுமா? போதாது, 2.8 மடங்கு வேண்டும். கீழே பாயும் காற்று மணிக்கு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர், ஒலியின் வேகத்தைத் தொடுகிறது. அந்தக் காற்று எங்கே போய் மோதுகிறது? நேர் கீழே தொங்கும் சிதைந்த கப்பலின் முதுகில்! மேலே இருப்பவர் தூக்கப் பாடுபடுகிறார், அவர் தள்ளும் காற்றே தூக்கப்படுவதைக் கீழே அழுத்துகிறது. கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தக் கூடையைத் தூக்க முயல்வது போன்ற நிலை இது. பூமியில் ஹெலிகாப்டர் தப்பித்துக்கொள்கிறது, ஏனென்றால் அதன் சுமை இறக்கை வட்டத்தைவிட மிகச் சிறியது. ஒரே அளவுள்ள இரண்டு கப்பல்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

"கியூரியாசிட்டி செய்து காட்டியதே!" என்று எதிரணியில் ஒருவர் இடைமறித்தார். ஆமாம், 2012 ஆகஸ்ட்டில் செவ்வாயில் எட்டு எஞ்சின்களோடு ஒரு தாங்கி இறங்கியது. 900 கிலோ ஊர்தியைக் கயிறுகளில் தொங்கவிட்டுத் தரையில் வைத்தது. அதைப் பார்த்து எனக்கும் புல்லரித்தது. ஆனால் அதன் எஞ்சின்கள் எந்தத் திசையைப் பார்த்தன என்று கவனித்தீர்களா? புகை ஊர்தியின் மேல் படக்கூடாது என்பதற்காக வெளிப்பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள். சாய்க்கச் சாய்க்கத் தூக்கும் விசை குறையும். செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான் என்பதும், தொங்கவிட்டு நின்றது சில நொடிகள்தான் என்பதும், வேலை முடிந்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தத் தாங்கி தூரப் போய் விழுந்து நொறுங்கியது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அது இறக்கிவைத்தது. யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

கடலில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2012-இல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கோர்டியா கப்பலை 2014 ஜூலையில் ஜெனோவா துறைமுகம் வரை இழுத்துச் சென்றார்கள். இழுவைக் கப்பல்கள் அதன் எடையைச் சுமந்தனவா? ஒரு கிலோகூட இல்லை! இரண்டு பக்கமும் பெரிய இரும்புப் பெட்டிகளைப் பொருத்தி, காற்றை நிரப்பி, முதலில் அதை மிதக்க வைத்தார்கள். எடையைக் கடல் சுமந்தது. இழுவைக் கப்பல்கள் முன்னே இழுத்தன, அவ்வளவுதான். விண்வெளியிலும் அதே கதை. 2020 பிப்ரவரியில் எம்இவி-1 என்ற கலம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்த இன்டெல்சாட் 901 செயற்கைக்கோளைப் பற்றிக்கொண்டு அதற்குரிய பாதையில் மறுபடி சேர்த்தது. அங்கே எடையைச் சுற்றுப்பாதை பார்த்துக்கொண்டது. இழுப்பது என்ற வேலை, வேறு யாரோ சுமக்கும் இடத்தில்தான் நடக்கிறது. காற்றுக்குள் சுமக்க யாரும் இல்லை. காற்று நம் கப்பலின் 15 லட்சம் கன மீட்டருக்கு 1,800 டன்னைத் தாங்கும். 1 லட்சம் டன்னில் அது இரண்டு சதவீதம்கூட இல்லை.

வேறு கோள் என்றால்? இந்த இடத்தில் எதிரணிக்கு ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன், அவர்கள் சொல்லத் தவறியது. வெள்ளிக் கோளின் தரையருகே காற்று நம் காற்றைவிட 50 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது, கன மீட்டருக்கு சுமார் 65 கிலோ. அங்கே நம் கப்பல் கிட்டத்தட்ட மிதந்தேவிடும்! வெப்பம் 460 டிகிரி, அழுத்தம் பூமியைப் போல் 90 மடங்கு, இருந்தாலும் மிதக்கும். ஆனால் மிதப்பது ஓட்டையில்லாத கப்பல். நாம் மீட்கப்போவது சிதைந்த கப்பல். பிளந்த உடலுக்குள் அந்தக் கனத்த காற்று புகுந்ததுமே மிதப்பு போய்விடும். வெள்ளியில் நிற்பதற்கு வழி இருக்கிறது, மீட்பதற்கு இல்லை.

கடைசியாக அவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம், எதிர் ஈர்ப்புக் கருவி. எடையையே இல்லாமல் செய்துவிடும் கருவி. சரி, வைத்துக்கொள்ளுங்கள். அது யாருடைய எடையைப் போக்குகிறது? உங்கள் கப்பலின் எடையை. கீழே கிடக்கும் கப்பலின் கருவி செத்துப்போய்விட்டது, அதனால்தானே அது கீழே கிடக்கிறது? கதைகளில் வருவதுபோல, தொடாமலே பொருளைப் பிடிக்கும் இழுவைக் கதிரால் பிடித்து இழுத்தால், நீங்கள் அதை மேலே இழுக்கும் அதே விசையோடு அது உங்களைக் கீழே இழுக்கும். கதிரில் கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நியூட்டன் விலகிப் போய்விட மாட்டார். கதிரே அந்தக் கப்பலின் எடையையும் போக்கிவிடும் என்றால், எடை போனாலும் நிறை போகாது. பக்கவாட்டில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் அந்தப் பெரிய உடலின் மேல் 200 டன்னுக்கு மேல் விசை விழும். அதைப் பிடித்து நிறுத்த மறுபடி எஞ்சின் வேண்டும், மறுபடி எதையாவது தள்ள வேண்டும்.

பிடிப்பது எங்கே என்ற கேள்வியும் இருக்கிறது. 2000-இல் மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கி குர்ஸ்க்கை அடுத்த ஆண்டு தூக்கியபோது 26 இடங்களில் பிணைத்தார்கள். தூக்குவதற்கு முன்பே சிதைந்த முன்பகுதியை அறுத்துத் தனியே விட்டுவிட்டார்கள், தூக்கும்போது அது முறிந்து விழலாம் என்ற அச்சத்தில். நீர் பாதி சுமக்கும் இடத்திலேயே இந்தப் பாடு என்றால் காற்றில் என்ன நடக்கும்? கதை எழுதியவர்களுக்கே இது தெரிந்திருந்தது. ஸ்டார் டிரெக் தொடரில் 1967 ஜனவரியில் ஒளிபரப்பான பகுதியில் எண்டர்பிரைஸ் கப்பல் பூமியின் காற்றுக்குள் ஒரு எஃப்-104 போர் விமானத்தை இழுவைக் கதிரால் பிடிக்கிறது. என்ன ஆகிறது? விமானம் நொறுங்குகிறது, விமானியை மட்டும்தான் காப்பாற்றுகிறார்கள். 2006-இல் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா தொடரில் அந்தப் பெரிய கப்பல் காற்றுமண்டலத்துக்குள் தோன்றியதும் கல்லைப் போல விழுகிறது. விழுந்துகொண்டே தன் சிறு போர்க்கலங்களை வெளியே விட்டு, தரையைத் தொடும் முன் தாவி மறைகிறது. அதை அந்தரத்தில் நிறுத்திக் காட்ட அவர்கள் விரும்பவில்லை. அந்தக் காட்சி என்னை உலுக்கியதற்குக் காரணமே, அந்தக் கப்பலுக்கு எடை இருந்ததுதான்.

நடுவர் அவர்களே, எனக்குப் பின் எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். அவரிடம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிக் கொடுங்கள்: மேலே 1 லட்சம் டன், கீழே 1 லட்சம் டன், ஆக 2 லட்சம் டன்னை அந்தக் கப்பல் எதன் மேல் ஊன்றி நிற்கிறது? கீழே தொங்குவதைத் தாக்காமல், எதை, எந்தப் பக்கம் தள்ளுகிறது? நன்றி, வணக்கம்.