ஊசியைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி: அக்குபங்சர் படிப்பை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

(காட்சி: பஸ் ஸ்டாண்ட் சுவர், மழையில் நனைந்த நோட்டீஸ்கள்)

வணக்கம். "ஆறே மாதத்தில் அக்குபங்சர் ஹீலர் ஆகலாம், ஞாயிறு மட்டும் வகுப்பு." ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இந்த மாதிரி விளம்பரம் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். தோள்வலி, மூட்டுவலியோட எஸ்டேட் வேலைக்குப் போறவங்க நம்ம மலையில நிறையப் பேர். இதைப் படிச்சு உள்ளூர்லயே அவங்களுக்கு உதவணும்னு நினைக்கிறது நல்ல எண்ணம். ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை மட்டும் விடாம கேளுங்க: ஆசிரியர் பக்கத்துல நிற்க, நான் எத்தனை நோயாளிக்கு ஊசி போடுவேன்?

(காட்சி: கழுத்து, தோள் வரைபடம்)

ஏன்னு சொல்றேன். தேயிலை பறிக்கிற அக்கா ஒருத்தங்க தோள்வலின்னு வராங்கன்னு வைங்க. கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல, தசை மேடா இருக்கிற இடத்துல ஒரு புள்ளி இருக்கு. பித்தப்பை 21-ன்னு பேர், அதாவது அக்குபங்சர்ல பித்தப்பைப் பாதைன்னு சொல்ற வரிசையில 21-வது புள்ளி. விரல் வச்சதுமே "ஆமா, அங்கதான்"னு சொல்வாங்க. சார்ட்ல அது வெறும் புள்ளி. உடம்புல அதுக்குக் கீழே நுரையீரலோட மேல்முனை இருக்கு. மெலிஞ்ச உடம்புல தசையும் கொஞ்சம்தான். ஊசி நேரா ஆழமா இறங்கினா நுரையீரல்ல ஓட்டை விழுந்து, காத்து கசிஞ்சு, மூச்சு திணற ஆரம்பிக்கும். சில பேருக்கு இது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். அதனால கைதேர்ந்தவங்க அந்தத் தசையை ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சு, ஊசியை ஆழம் போகாம பார்த்துப் போடுவாங்க. எவ்வளவு தூக்கணும், எங்க நிறுத்தணும்ங்கிறதெல்லாம் கைக்குத்தான் பழகணும். ஸ்லைடு பார்த்து வராது.

அதே மாதிரி, காலையில வெறும் டீயைக் குடிச்சுட்டு வர்றவங்க முதல் ஊசியிலேயே வேர்த்து, முகம் வெளுத்து மயங்கலாம். உடனே ஊசியை எடுத்துட்டுப் படுக்க வைக்கணும். அதை ஒரு தடவை ஆசிரியர் செஞ்சு பார்த்தவங்களுக்குத்தான் அந்த நேரத்துல பதற்றம் வராது. அக்குபங்சர்ல சொல்ற 14 பாதை, அதுல வர்ற 361 புள்ளி, இதையெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணிடலாம். அது பெரிய விஷயமில்ல.

(காட்சி: கணக்கு திரையில்)

இப்போ நேரக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 1999-ல வெளியிட்ட பயிற்சி வழிகாட்டியில, டாக்டர் அல்லாதவங்க முழுசாப் படிக்க 2500 மணி நேரம்னு போட்டிருக்கு. அதுல 1000 மணி நேரமாவது செய்முறையும் கிளினிக் பயிற்சியும் இருக்கணும். ஏற்கெனவே டாக்டரா இருக்கிறவங்க அடிப்படையை மட்டும் சுருக்கமாப் படிக்கவே 200 மணி நேரம். ஞாயிறு தோறும் 6 மணி நேரம்னா, ஒரு வாரம்கூட விடாமப் போனாலும் வருஷத்துக்கு 312 மணி நேரம்தான். ஆறு மாசத்துல அதுலயும் பாதி. அறிமுகத்துக்குச் சரி. அதை வச்சு போர்டு மாட்டக் கூடாது.

அங்கீகாரம் விஷயத்துலதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. 2019-ல மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபங்சரைத் தனி முறையா அங்கீகரிச்சது உண்மை. மேற்கு வங்கமும் மகாராஷ்டிராவும் இதுக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கு. ஆனா முறைக்குக் கிடைச்ச அங்கீகாரம், அதைச் சொல்லித்தர்ற ஒவ்வொரு சென்டருக்கும் கிடைச்சதா ஆகாது. டிரஸ்ட் பதிவு எண், ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் எதுவுமே கல்வி அங்கீகாரம் கிடையாது. சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தோடது, எந்த ஆணைப்படின்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. பிளஸ் டூ-ல உயிரியல் எடுத்த பிள்ளைகளா இருந்தா, பி.என்.ஒய்.எஸ்.-ங்கிற இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பையும் யோசிக்கச் சொல்வேன். பயிற்சிக் காலத்தோட சேர்த்து ஐந்தரை வருஷம், அக்குபங்சரும் பாடத்துல உண்டு. சென்னை அரும்பாக்கத்துல அரசுக் கல்லூரியே இருக்கு.

ஊசி இல்லாத தொடு சிகிச்சையை மட்டும் சொல்லித்தர்ற இடங்களும் உண்டு. எதைச் சொல்லித்தராங்கன்னு சேரும்போதே தெளிவாக் கேட்டுக்கோங்க. தொடு சிகிச்சை படிச்சவங்க அந்தப் படிப்பை நம்பி ஊசி எடுக்கக் கூடாது.

இன்னொன்னு, இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். "இன்சுலினை நிறுத்தச் சொல்லுங்க, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க"ன்னு வகுப்புல சொல்லித்தந்தா, அன்னைக்கே எழுந்து வந்துடுங்க. கட்டின பணம் போனாலும் பரவாயில்ல. அந்தப் பேச்சை நம்பி ஒருத்தர் உயிர் போகலாம்.

(காட்சி: சிகிச்சை அறை)

சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் அவங்க கிளினிக்ல உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்க. புது ஊசிப் பாக்கெட்டை நோயாளி முன்னாடி பிரிக்கிறாங்களா? போட்ட ஊசியை எண்ணி எடுக்கிறாங்களா? எடுத்த ஊசி, குத்தினா ஓட்டை விழாத டப்பாவுக்குள்ள போகுதா, இல்ல குப்பைக் கூடைக்கா? கர்ப்பமா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்கிறாங்களா? உட்காரவே விட மாட்டேன்னு சொன்னா, அங்க சேர வேண்டாம்.

கீழே கோயம்புத்தூருக்குப் போய்ப் படிக்கிறதா இருந்தா இதையும் கேட்டு வைங்க. ஐப்பசி, கார்த்திகையில மண் சரிஞ்சு மேட்டுப்பாளையம் ரோடு அடைச்சா வகுப்புக்குப் போக முடியாது. தியரி வகுப்பை போன்ல பார்த்துக்கலாம். விட்டுப்போன கிளினிக் நாளுக்கு மாற்று நாள் தருவாங்களான்னு கேட்டு, ஃபீஸ் ரசீதுலயே எழுதி வாங்கிக்கோங்க.