கறியைப் பிடித்து நிறுத்துவது எது?

அவைக்கு வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சாகக் கோலா உருண்டையை வைத்தது ஏற்பாட்டாளர்களின் குறும்பு. உங்கள் பசியை நான் அதிகம் சோதிக்க மாட்டேன்.

கோலா என்றதும் எல்லாரும் மசாலாவுக்குத்தான் சண்டை போடுவோம். ஒரு வீட்டில் சோம்பு தூக்கல், இன்னொரு வீட்டில் பட்டை, கிராம்பு. சரி, அது இருக்கட்டும். கொத்திய கறியை உருட்டிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டால், அது ஏன் உதிர்ந்து போகாமல் நிற்கிறது? அந்தப் பிடிமானத்துக்கு எதைச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். பலகாரம் எந்த ஊருடையது என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நம்மிடம் அந்த வேலையைச் செய்வது பொட்டுக்கடலை. ஏற்கெனவே வறுபட்ட பருப்பு என்பதால் பச்சை வாசனை அடிக்காது. உருண்டை எண்ணெயில் கிடப்பதே சில நிமிடங்கள்தான். கடலைமாவைப் போட்டால் நடுவில் வேகாமல் நாக்கில் ஒட்டும். பொட்டுக்கடலை மாவு, கறியில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம்தான் இங்கே வில்லன். 170, 180 டிகிரி எண்ணெயில் அது ஆவியாகிக் கிளம்பும்போது உருண்டையைப் பிளந்துவிடும். அதனால்தான் கொத்துக்கறியைச் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டோடு சுருள வதக்கி, தேங்காய், சோம்பு, கசகசா சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைக்கிறோம். அம்மிக்கு அது சுலபம். மிக்ஸி சுற்ற மறுத்ததும் நம் கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போகும். கோலா கெடுவது அந்த இடத்தில்தான்.

வதக்காமல் பச்சைக் கறியையே அரைத்து உருட்டும் கட்சியும் உண்டு. உப்புப் போட்டுப் பிசைந்தால் இறைச்சியின் புரதமே பசையாகி, சூடு பட்டதும் இறுகிக்கொள்ளும். வதக்கிய கறியில் அந்தப் புரதம் முன்பே இறுகிவிடுவதால், பொட்டுக்கடலையின் தயவு கூடுதலாக வேண்டும். பச்சைக் கறிக் கோலா பல்லில் சற்றே துள்ளும். வதக்கியது பொலபொலவென்று உதிரும். என் ஓட்டு வதக்கியதற்கு. சில வீடுகளில் உருண்டையை வாழைநாரால் கட்டிப் பொரிப்பார்கள். பார்க்க அலங்காரம் போல இருந்தாலும், எண்ணெயில் உடையாமல் காப்பதுதான் நாரின் வேலை. சாப்பிடும்போது உருவிப் போட்டுவிட வேண்டும்.

வடக்கே லக்னோவின் ஷாமி கபாபில் கடலைப்பருப்பைக் கறியோடு சேர்த்தே வேகவைத்து அரைக்கிறார்கள். அது தட்டையாக, கொஞ்சம் எண்ணெயில் வேகும் பண்டம். கோலாவுக்குச் சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம். கல்கத்தாவின் கறிச் சாப்பில் மசித்த உருளைக்கிழங்குக்குள் கொத்துக்கறி உட்கார்ந்திருக்கும், மேலே ரொட்டித்தூள். கேரளத்து கட்லெட்டிலும் உருளைக்கிழங்கும் ரொட்டித்தூளும்தான்.

இலங்கையில் கதை இன்னும் சுவாரசியம். டச்சுக்காரர்கள் 1658 முதல் 1796 வரை அந்தத் தீவின் கரையோரங்களை ஆண்டார்கள். அவர்கள் வழிவந்த பறங்கியர் சமையலில் ஃப்ரிக்கடெல் என்ற கறி உருண்டை இன்றும் இருக்கிறது. லம்பிரைஸ் என்று வாழையிலையில் கட்டிச் சுடும் சோற்றுப் பொதியில், கறிக்கும், மோஜு என்கிற புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்த் தொக்குக்கும் பக்கத்தில் அது கிடக்கும். அங்கே பிடிமானம் ரொட்டியும் முட்டையும். பருப்பு கிடையாது. மிளகும் பட்டையும் போட்டு உள்ளூர்க்காரனாகிவிட்டாலும், ரொட்டித்தூள் சட்டையை மட்டும் அது கழற்றவில்லை.

லெபனான், சிரியா பக்கம் கிப்பே. கோதுமை நொய்யையும் கறியையும் சேர்த்து இடித்து, கூடு போலப் பிடித்து, உள்ளே வதக்கிய கறியை வைத்துப் பொரிக்கிறார்கள். கறிக்கே கறி உறை! அங்கிருந்து குடியேறியவர்களோடு பிரேசில் போன கிப்பே, இன்று அங்கே தெருமுனைக் கடைப் பலகாரம்.

அப்புறம், நம் ஊர்க் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டுக்கறி விலை ஏற ஏற, உருண்டைக்குள் பொட்டுக்கடலையும் ஏறுகிறது. கால் கிலோ கறிக்கு ஒரு கைப்பிடி மாவு போதும். அதற்கு மேல் போனால் உருண்டை உடையவே உடையாது, பார்வைக்கும் ஜோராக இருக்கும். கடித்தால் மாவுதான் வரும். வாழைப்பூக் கோலாவைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன் நான். ஆனால் மட்டன் கோலாவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பொட்டுக்கடலை உருண்டை தின்ன எனக்குச் சம்மதமில்லை. அடுத்த முறை மெஸ்ஸில் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். கறியின் நார் தெரியாமல் வழவழவென்று இருந்தால், இரண்டாவது தட்டு சொல்லாதீர்கள்.