வாயிலில் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

லாட்ஜ் என்றதும் பேருந்து நிலையத்தை ஒட்டிய தங்கும் விடுதிதான் நம் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில், பரந்த நிலங்களுக்கு நடுவே நின்ற மாளிகைகளின் வெளிவாயிலில், கதவு திறப்பவரும் அவர் குடும்பமும் குடியிருந்த சிறு வீட்டுக்கும் அதே பெயர்தான். நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலத்தை ஜார்ஜியன் காலம் என்பார்கள். ஜார்ஜியா நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குதிரை வண்டியில் வரும் விருந்தாளி, மாளிகை கண்ணில் படுவதற்கு முன்பே பார்க்கும் கட்டடம் என்பதால், அக்காலத்தின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களும் இந்தச் சிறு வீட்டில் தனி அக்கறை காட்டினார்கள்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது, பக்கிங்ஹாம்ஷயரில் நியூபோர்ட் பாக்னெல் ஊருக்கு அருகே, வில்லியம் பிரேட் என்ற வங்கியாளருக்காக ஜான் சோன் 1790களில் கட்டிய டிரிங்கம் வாயில். கொத்தனாரின் மகனாகப் பிறந்த சோன், 1788 முதல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞராகவும் இருந்தவர். நடுவில் ஒரு வளைவு. அதன் இருபுறமும் ஒட்டினாற்போல ஒவ்வொரு சிறு வீடு. ரோமானியரின் வெற்றி வளைவுகளைப் பின்பற்றி முகப்பில் தூண்களை நிறுத்திச் சிற்பங்களைப் பதிப்பது அக்காலத்தில் பெருவழக்கு. சோனோ முகப்பில் தூண்களைத் தவிர்த்து, வெறுங்கல்லில் மெல்லிய கோடுகளை மட்டும் பள்ளமாகக் கீறினார். வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கீறல்களில் தங்கும் நிழலே அதற்கு அலங்காரம். வளைவுக்குள் நுழையும் பாதை, ஊஸ் ஆற்றின் மேல் அவரே அமைத்த ஒற்றை வளைவுக் கல்பாலத்தைக் கடந்து மாளிகையை அடைகிறது. வாயில், பாலம், மாளிகை மூன்றையும் ஒரே கை வரைந்தது என்பதை அந்த வழியில் செல்பவர் உணராமல் இருக்க முடியாது.

ஆனால் இருபுறமும் ஒன்றுபோல் அமைந்த இத்தகைய இரட்டை லாட்ஜுகளைப் பற்றிப் பேசும்போது, உள்ளே வாழ்ந்தவர்களையும் நான் நினைக்கிறேன். முகப்பின் சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காக, ஒரே குடும்பத்தின் சமையலறையை ஒரு பக்கத்திலும் படுக்கையறையை மறுபக்கத்திலும் வைத்த வாயில்கள் அந்நாட்டில் உண்டு. மழைக்கால இரவில் அடுப்பை அணைத்துவிட்டு, தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வண்டிப்பாதையைக் கடந்துதான் அந்தத் தாய் படுக்கைக்குப் போக வேண்டியிருந்தது.