ஒரே சாமான், இரண்டு விலை

வணக்கம் நேயர்களே. சூப்பர் மார்க்கெட்டுகள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற கார்ட் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அதை வைத்திருப்பதால் நமக்கு லாபமா, கடைக்கு லாபமா என்பதுதான் கேள்வி. படிக்கிற காலத்தில் ஒரு பெரிய கடையின் டில்லில், அதாவது காசு வாங்குகிற இடத்தில், இருந்தவன் நான். இப்போது லண்டன் ஹாரோ பக்கத்துச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ட் வைத்திருப்பவருக்கு லாபம்தான். ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனால் சந்தோஷம் பாதியாகிவிடும்.

டெஸ்கோ என்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பிரித்தானியாவில் இந்தக் கதையைப் பெரிதாக்கியவர்கள் அவர்கள். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1963இல் டெஸ்கோ கிரீன் ஷீல்ட் முத்திரைகள் கொடுக்க ஆரம்பித்தது. சாமான் வாங்கினால் பச்சை முத்திரை தருவார்கள். அதை நாக்கில் நனைத்துப் புத்தகத்தில் ஒட்டி, புத்தகம் நிரம்பினால் கேத்தலோ போர்வையோ வாங்கலாம். நிறுவனர் ஜாக் கோஹனுக்கு அந்த முத்திரை மேல் அப்படியொரு பிடிப்பு. இயன் மக்லாரின் என்ற அடுத்த தலைமுறை நிர்வாகி சண்டை பிடித்துத்தான் 1977இல் அதை நிறுத்தினார். முத்திரைக்குப் போகிற காசை விலைக் குறைப்பில் போட்டார்கள், சனம் அள்ளிக்கொண்டு வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1995 பெப்ரவரியில் டெஸ்கோவின் கார்டான கிளப்கார்ட் நாடு முழுக்க வந்தபோது டெஸ்கோவின் தலைவர் அதே மக்லாரின்தான். முத்திரையை ஒழித்தவரே கார்டைக் கொண்டுவந்தார். போட்டிக் கடையான செயின்ஸ்பரியின் தலைவர் டேவிட் செயின்ஸ்பரி இதை மின்னணுப் பச்சை முத்திரை என்று கேலி செய்தார். அந்த வருடமே டெஸ்கோ செயின்ஸ்பரியைத் தாண்டி முதலிடத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் செயின்ஸ்பரியும் ஒரு கார்ட் போட்டது. பிறகு அதை விட்டுவிட்டு 2002இல், பல கடைகளுக்குப் பொதுவான நெக்டார் என்ற கார்டுக்குப் போனது.

மக்லாரினுக்கு அந்தக் கார்டில் என்ன பிடித்தது? டெஸ்கோ பரீட்சார்த்தமாகச் சில கடைகளில் கார்ட் கொடுத்தது. வந்த தகவலை எட்வினா டன், கிளைவ் ஹம்பி என்ற தம்பதியினர் அலசி, டெஸ்கோ இயக்குநர்களிடம் காட்டினார்கள். அறை அமைதியானதாம். பிறகு மக்லாரின் சொன்னதாக இன்றும் எடுத்துச் சொல்வார்கள்: என் வாடிக்கையாளர்களைப் பற்றி 30 வருடத்தில் எனக்குத் தெரிந்ததைவிட, மூன்று மாதத்தில் உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. பயந்தவர் விட்டுவிடவில்லை. அந்தத் தம்பதியின் டன்ஹம்பி நிறுவனத்தையே பிற்பாடு டெஸ்கோ வாங்கிவிட்டது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் கார்ட் கொடுத்தது புள்ளிகள். 100 பவுணுக்குச் சாமான் வாங்கினால் ஒரு பவுண் திரும்பி வரும். பெரிய காசு இல்லை. ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. கார்ட் இல்லாதவர் அந்த ஒரு பவுணை இழந்தார், அவ்வளவுதான். தட்டில் இருந்த விலை எல்லாருக்கும் ஒன்று.

2019இல் டெஸ்கோ, கார்ட் வைத்திருப்பவருக்கு மட்டும் குறைந்த விலையாக, கிளப்கார்ட் விலை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2023இல் செயின்ஸ்பரி நெக்டார் விலையோடு வந்தது. மற்றக் கடைகளும் அவரவர் பெயரில் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. இப்போது டெஸ்கோவில் ஒரு கோப்பிப் போத்தலுக்குக் கீழே பார்த்தால் இரண்டு விலை இருக்கும். மஞ்சள் நிறத்தில் பெரிதாக ஒன்று, அதற்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. பெரிய எழுத்தைப் பார்த்துக் கூடையில் போட்டுவிட்டு, டில்லில் கார்ட் இல்லை என்றால் சின்ன எழுத்து விலையைக் கட்டவேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள டெஸ்கோவின் மதியச் சாப்பாட்டுச் சலுகையைப் பாருங்கள். சான்ட்விச், ஒரு பொரியல் பைக்கற், ஒரு குடிபானம். வேலைக்குப் போகிற நம்மில் பாதிப்பேர் வாங்கியிருப்போம். பத்து வருடமாக எல்லாருக்கும் 3 பவுண். 2022 பெப்ரவரியில் கார்ட் வைத்திருப்பவருக்கு அதே 3 பவுண், இல்லாதவருக்கு 3.50. கார்ட் வைத்திருந்தவர் 50 பென்ஸ் மிச்சம் என்று நினைத்தார். எதிலிருந்து மிச்சம்? முதல்நாள்வரை கட்டிய விலையைத்தான் அன்றும் கட்டினார். விலை ஏறியது கார்ட் இல்லாதவருக்கு மட்டும். அதே வருடம் அக்டோபரில் அது 3.40, 3.90 என்று ஆனது. அப்போது எல்லாரும் கூடக் கட்டினார்கள், ஆனால் கார்ட்காரர் இன்னும் 50 பென்ஸ் மிச்சம்பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் எல்லாமே கண்துடைப்பா? அதுவும் இல்லை. இந்தச் சந்தேகம் ஊர் முழுக்க இருந்ததால்தான் பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024இல் விசாரணை நடத்தியது. டெஸ்கோ, செயின்ஸ்பரி, வெயிட்ரோஸ், கோ-ஒப், மொரிசன்ஸ் ஆகிய ஐந்து கடைகளில் கார்ட் விலை போட்ட சுமார் 50,000 பொருட்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 92 சதவீதம், கடையின் வழக்கமான விலையைவிட உண்மையாகவே குறைவாக இருந்தன. கார்ட் விலைப் பொருட்களில் சராசரியாக 17 முதல் 25 சதவீதம்வரை மிச்சம் பிடிக்கலாம் என்றும் சொன்னார்கள். அதே விசாரணையில் கேட்டபோது, கார்ட் விலையைக் காட்டுவதற்காக வழக்கமான விலையை ஏற்றியிருக்கிறார்கள் என்று பாதிக்கு மேற்பட்ட மக்கள் நம்பினார்கள். பெரும்பாலான பொருட்களில் அந்த நம்பிக்கை சரியில்லை என்பதுதான் ஆணையத்தின் முடிவு. எனக்கு அந்த முடிவில் தகராறு இல்லை.

ஆனால் ஆணையம் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு கடையின் கார்ட் விலையை அதே கடையின் வழக்கமான விலையோடு ஒப்பிட்டார்கள். பக்கத்துக் கடையில் என்ன விலை என்பது வேறு கேள்வி. கார்ட் விலைதான் எப்போதும் மலிவு என்று நினைக்கவேண்டாம், நாலு கடை பாருங்கள் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. ஆல்டி என்ற சூப்பர் மார்க்கெட்டில் கார்ட் என்ற பேச்சே இல்லை. 'விச்' என்ற நுகர்வோர் அமைப்பு மாதாமாதம் போடுகிற விலை ஒப்பீட்டில் மலிவான கடையாகப் பெரும்பாலும் வருவது அந்த ஆல்டிதான். மற்றக் கடைகள் கார்ட் வைத்துச் சாதிக்கிறதை அவர்கள் கார்ட் இல்லாமல் செய்கிறார்கள்.

இன்னொன்று, எடைக்கான விலை. தட்டுச் சீட்டின் மூலையில் 100 கிராமுக்கு இவ்வளவு, லீட்டருக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். என்னைக் கேட்டால் சீட்டில் நம்பக்கூடிய ஒரே இடம் அதுதான். சின்னப் போத்தல் லாபமா பெரிய போத்தல் லாபமா என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். 2023இல் டெஸ்கோ கிளப்கார்ட் விலைக்கு இந்த எடை விலையைப் போடாமல் விட்டிருந்தது. வழக்கமான விலைக்கு இருக்கும், மஞ்சள் விலைக்கு இருக்காது. 'விச்' அமைப்பு ஆணையத்திடம் முறையிட்ட பிறகுதான் சேர்த்தார்கள். சலவைத்தூள், கோப்பி, ஒலிவ் எண்ணெய் வாங்கும்போது மஞ்சள் நிறத்தைப் பார்க்கமுன்னம் அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள். கண்ணாடியை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்து, கார்ட் இல்லாதவர்கள். இந்த நாட்டில் டெஸ்கோ விற்பனையில் 80 சதவீதத்துக்கு மேல் கிளப்கார்டோடுதான் நடக்கிறது. மிச்சப்பேர் யார்? சுற்றுலா வந்தவர், அவசரத்துக்கு வந்தவர், தகவல் கொடுக்கப் பிடிக்காதவர். அவர்களுக்காக நான் அழமாட்டேன். ஆனால் அதில் நம் வீட்டுப் பெரியவர்களும் இருக்கிறார்கள். லிடில் என்ற கடையின் உறுப்பினர் சலுகைகள் போனில் இருக்கிற செயலிக்குள்தான். போன் பேச மட்டும் தெரிந்த அம்மா ஒருவர் அந்த வாசலுக்குள் எப்படிப் போவார்? தானியங்கி டில்லில் நிற்கிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். திரை உங்கள் கார்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கும். பின்னால் வரிசை நீளும். "தம்பி, அது வேண்டாம், காசை மட்டும் எடுங்கோ" என்று சொல்லிக் கூடின விலையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பென்சைக்கூடக் கணக்குப் பார்க்கிற மனிதர்கள் அவர்கள்.

அதேபோலப் பிள்ளைகள். 2024இல் கிளப்கார்ட் எடுக்க 18 வயது வேண்டும் என்பது விதியாக இருந்தது. பள்ளிக்கூட இடைவேளையில் சான்ட்விச் வாங்க ஓடுகிற 16 வயதுப் பிள்ளை, வேலைக்குப் போகிறவரைவிடக் கூட விலை கட்டவேண்டி வந்தது. போன் இல்லாதவர்களையும் 18க்குக் கீழ்ப்பட்டவர்களையும் சேர்க்க வழி பாருங்கள் என்று ஆணையம் தன் அறிக்கையில் கடைகளிடம் கேட்டது. சட்டம் மீறப்பட்டது என்று சொல்லவில்லை, கேட்டுக்கொண்டது. என் கருத்தில் அது கொஞ்சம் மென்மையான கண்டிப்பு.

அப்புறம் தகவல். கடைக்கு 20 சதவீதம் குறைக்க எப்படிக் கட்டுப்படியாகிறது? நாம் வாங்கும் பட்டியலும் அந்தக் காசில் ஒரு பங்கு. யார் எந்தச் சவர்க்காரத்தை விட்டு எதற்கு மாறினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளவும், அப்படி மாறக்கூடியவர்களின் கண்ணில் விளம்பரம் போடவும் சவர்க்காரக் கம்பெனி கடைக்குக் காசு கொடுக்கிறது. டெஸ்கோவுக்கு டன்ஹம்பி, செயின்ஸ்பரிக்கு நெக்டார்360 என்று இதற்கே தனி அமைப்புகள் இருக்கின்றன.

இந்தத் தகவலால் நல்லதும் நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 273 பெண்களின் கடை அட்டைப் பதிவுகளை, அவர்களின் சம்மதத்தோடு எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் சூலகப் புற்றுநோய் வந்தவர்கள், மற்றவர்கள் வராதவர்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு மாதம் முன்னரே, நோய் வந்த பெண்கள் வலி மாத்திரையும் செரிமான மருந்தும் கூடுதலாக வாங்கத் தொடங்கியிருந்தார்கள். 2023இல் அது வெளியானது. வைத்தியருக்குத் தெரியமுன்னமே பற்றுச்சீட்டில் ஒரு தடயம் இருந்திருக்கிறது. வாசித்தபோது ஒரு பக்கம் மகிழ்ச்சி, மறுபக்கம் உடம்பு சிலிர்த்தது.

இப்போது ஆளுக்கு ஆள் விலையும் வந்துவிட்டது. செயின்ஸ்பரி செயலியில் உங்கள் நெக்டார் விலை என்று ஒரு பகுதி உண்டு. நீங்கள் அடிக்கடி வாங்குகிற பொருளுக்கு உங்களுக்கு மட்டும் ஒரு விலை. உங்கள் மச்சாளின் போனில் வேறு பொருள், வேறு விலை. நமக்கு இது புதிதில்லை என்று சிலர் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கினால் ஆளுக்கொரு விலைதானே. உண்மை. ஆனால் சந்தையில் "அண்ணை, பார்த்துப் போடுங்கோ" என்று கேட்கலாம், பக்கத்தில் நிற்கிறவருக்கு என்ன விலை சொல்கிறார் என்று காதில் விழும். செயலியில் பேரமும் இல்லை, பக்கத்து ஆளும் இல்லை.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். கார்ட் வைத்திருக்கிறேன், ஒன்றல்ல, போகிற கடைக்கெல்லாம் ஒவ்வொன்று. எந்தக் கடைக்குப் போவது என்பதைக் கார்டைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் தமிழ்க் கடையில். பால், பாண், சலவைத்தூள் அந்த வாரம் எங்கே எடை விலை குறைவோ அங்கே. அம்மாவின் பணப்பைக்குள் பிளாஸ்டிக் கார்ட் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன், டில்லில் எடுத்துக் காட்டினால் போதும். புள்ளிகளுக்கு வருகிற வவுச்சர்களுக்குக் காலாவதித் திகதி உண்டு. எடுக்காமல் விட்டால் அது கடைக்கே போகும், அதனால் நத்தாருக்கு முன் ஒருதடவை செயலியைத் திறந்து பாருங்கள்.

இன்னுமொன்று. உங்களைப் பற்றிக் கடை என்ன வைத்திருக்கிறது என்று கேட்க இந்த நாட்டுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. என்னுடைய தகவலின் பிரதியை அனுப்புங்கள் என்று மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினால் போதும். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். நான் ஒரு கடையிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். திகதி, நேரம், எந்தக் கிளை, என்ன பொருள், எத்தனை என்று வரிவரியாக வந்தது. ஐப்பசி மாதத்தில் ஆறு நாட்களுக்கு இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை. ஏழாம் நாள் கோழி. கந்தசஷ்டி என்ற பெயர் கணினிக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் வருடாவருடம் அந்த ஆறு நாளைக் கண்டுபிடிக்கப் பெயர் தேவையில்லையே. விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படிச் சொன்னால் தபாலும் மின்னஞ்சலும் குறையும், தட்டில் இருக்கிற மஞ்சள் விலை உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுதச் சங்கடமாக இருந்தால் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. நன்றி, வணக்கம்.